பாடகர் குழுவுக்காக மியூஸ்ஸ்கோரைத் தயார் செய்த விதம்

மியூஸ்ஸ்கோர் 4 இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள். பாமாலைகளை (சபைப் பாடல்களை) நான்கு குரலில் அச்சுக்குத் தயார் செய்ய அதுவே போதும். ஆனாலும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பான ஸ்டாஃப் நோட்டேஷனைச் சரளமாக வாசிப்பவர்கள்கூட முதல் முறை திறந்ததுமே திணறிப்போகிறார்கள். வெறும் மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தால் யாரும் அதைத் தொடுவதில்லை. தயார்நிலையில் கொடுத்தால் தொடுகிறார்கள்.

முதல் வேலை, திரையைக் குறைப்பது. இடப்பக்கம் இசைக்குறியீடுகள் அடுக்கியிருக்கும் பேலட்டுகளில் கிளெஃப், கீ சிக்னேச்சர், டைம் சிக்னேச்சர், டைனமிக்ஸ், ரிப்பீட் தவிர மற்றவற்றை எடுத்துவிட்டு, அதைத் தனி வொர்க்ஸ்பேஸாக (திரை அமைப்பாக) சேமித்தோம். பின்னர் சோப்ரானோ, ஆல்டோ ஒரு ஸ்டாஃபிலும் டெனர், பாஸ் இன்னொன்றிலும் வருகிற மாதிரிக் கோப்பு ஒன்றைச் செய்து, டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் மியூஸ்ஸ்கோர்4, அதற்குள் டெம்ப்ளேட்ஸ் என்ற இடத்தில் போட்டோம். புதிய ஸ்கோர் தொடங்கும்போது அது தானாகவே பட்டியலில் வரும். பாடல் முதல் முழு மெஷருக்கு (தாளக் கட்டத்துக்கு) முன்பே எடுப்பில் தொடங்கினால், புதிய ஸ்கோர் அமைக்கும் பக்கத்திலேயே அந்தக் குறை மெஷரை, அதாவது பிக்கப் மெஷரைத் தேர்ந்துவிட வேண்டும். மறந்தால் மெஷர்களைப் பிரிக்கும் கோடுகள் எல்லாம் இடம் மாறி நிற்கும்.

சுரம் எழுதுவதில் அதிகம் குழப்புவது அழிப்புதான். வேர்டில் ஓர் எழுத்தை அழித்தால் பின்னால் இருப்பது முன்னே நகரும். இங்கே அழித்த இடத்தில் ரெஸ்ட் (மௌனக் குறி) வந்து நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு மெஷரும் எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தப்பான சுரத்தை அழிக்க வேண்டாம். அதைத் தேர்ந்து மேல் கீழ் அம்புக்குறியால் நகர்த்தினால் போதும். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் ஒரு ஆக்டேவ் நகரும். சுரத்தின் நீளத்துக்கு எண் விசைகள்: 4 குவேவர் (அரை எண்ணிக்கை), 5 கிராட்செட் (ஒன்று), 6 மினிம் (இரண்டு). இந்த மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தோம்.

பாடல் வரிகள்தான் உண்மையான சோதனை. சோப்ரானோவின் முதல் சுரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் எல் அழுத்தினால் வரி எழுதலாம். ஆல்டோ சுரத்தைத் தேர்ந்துவிட்டால் வரி அந்தக் குரலோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லுக்குள் பிரிக்க ஹைஃபன், அடுத்த சொல்லுக்கு ஸ்பேஸ், கடைசி அசையை நீட்ட அண்டர்ஸ்கோர், அடுத்த சரணத்துக்கு என்டர்.

தமிழில் புள்ளி எழுத்தைத் தனிச் சுரத்தில் வைக்கக் கூடாது. 'கர்த்தரை' என்பது கர்த்-த-ரை, மூன்று சுரம். 'கர்-த்-த-ரை' என்று பிரித்தால் அந்த இடத்திலிருந்து வரி முழுவதும் ஒரு சுரம் தள்ளிப்போகும். அசை பிரிப்பைக் கணினிக்கு வெளியே, காகிதத்தில் பென்சிலால் முடித்துவிட்டுத் தட்டச்சுக்கு வருவதே மேல். பல சபைகளில் பழைய வரிகள் பாமினி போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது சுரம் இடும் A முதல் G வரையான எழுத்துகளும் குறுக்குவிசைகளும் வேலை செய்யாமல் போகலாம். அதனால் நான்கு குரலின் சுரங்களையும் முதலில் முடித்துவிட்டு, பிறகே தமிழுக்கு மாறச் சொல்கிறோம்.

எழுத்துருவை ஃபார்மட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் பகுதியில் லிரிக்ஸுக்கு ஒருமுறை நோட்டோ செரிஃப் தமிழ் என்று வைத்து, மாதிரிக் கோப்பிலேயே சேமித்துவிட்டோம். 'கூ', 'ரூ' போன்றவற்றின் வால் கீழ்ச் சரணத்தைத் தொடும். அதே ஸ்டைல் பெட்டியின் லிரிக்ஸ் பகுதியில் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். தமிழ்ச் சொற்கள் அகலமானவை என்பதால் ஒரு வரியில் மெஷர்கள் குறைவாகவே அடங்கும். சுரங்களைச் சுருக்கிப் பக்கம் மிச்சப்படுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை, கண்ணாடி போட்டுப் பாடுகிற மூத்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள்.

குழுவுக்கு அனுப்புவது எப்போதும் பிடிஎஃப். எழுத்துரு இல்லாத கணினியிலும் அது கலையாது. இன்னும் மியூஸ்ஸ்கோர் 3 வைத்திருப்பவருக்கு 4-இல் சேமித்த கோப்பு திறக்காது. பல இசை மென்பொருள்களும் படிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தால் சுரமும் வரியும் போய்ச் சேரும், பக்க அமைப்பை மட்டும் அவர் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.