'செட்' என்ற சொல்லும் 'வை' என்ற வினையும்

டைல்ஸ் ஒட்டும் பசைக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, 'செட் த டைல் அண்ட் லெட் இட் செட்' என்ற வரி என்னை நிறுத்திவிட்டது. அவசரத்தில் இரண்டு இடத்திலும் 'வைக்கவும்' என்றே எழுதியிருந்தேன். முதல் 'செட்' டைலைப் பதிக்கச் சொல்கிறது. இரண்டாவதோ பசை இறுகும்வரை கையை வைக்காதே என்கிறது!

1989இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, இந்த வினைச்சொல்லுக்கு 430 பொருள்களைத் தருகிறது. அந்தப் பதிவு மட்டுமே ஏறத்தாழ 60,000 சொற்கள் நீளும்.

இவ்வளவும் பிறந்த இடம் எளிமையானது. விழு, வீழ்த்து என்று நாம் சொல்வதுபோல ஆங்கிலத்தில் 'ஃபால்', 'ஃபெல்' என்று ஓர் இணை உண்டு. அதே முறையில் 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்காரவை. அந்த 'உட்காரவை'யில் உள்ள 'வை'தான் தமிழில் 'செட்'டுக்கு மிக நெருங்கிய சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. அலாரம் வைக்கிறோம், தீ வைக்கிறோம், கண்ணி வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம், இவை எல்லாவற்றையும் ஆங்கிலம் 'செட்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது.

ஆனால் வைப்பதற்கு ஆள் இல்லாமல் தானாக நிகழும் இடங்களில் 'வை' கைவிட்டுவிடுகிறது. சூரியன் 'செட்' ஆவதை நாம் மறைகிறது, சாய்கிறது என்கிறோம். பழைய ஆங்கிலத்திலோ சூரியன் தன் இருக்கைக்குச் செல்வதாகவே அந்தி குறிக்கப்பட்டது. உட்காரும் பொருள் அங்கே இன்னும் அழியவில்லை. சிமென்ட் இறுகும், ஜெல்லி உறையும், முறிந்த எலும்பு கூடும். ஆங்கிலத்துக்கு மூன்றுமே 'செட்'தான்.

தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அல்ல. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஒலியொற்றுமையால் வினையோடு கலந்துவிட்டது. கணிதத்தில் நாம் 'கணம்' என்று படித்ததும் சதுரங்கக் காய்களின் 'செட்'டும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. ஒத்துவராத ஒன்றை 'எனக்கு செட் ஆகவில்லை' என்று நாம் சொல்வது மட்டும் தமிழிலேயே முளைத்த வழக்கு. ஆங்கிலேயரிடம் அப்படியே திருப்பிச் சொன்னால் புரியாது.

கையேட்டு வரியைக் கடைசியில் இப்படித் திருத்தினேன்: 'டைலைப் பதித்து, பசை இறுகும்வரை அசைக்காமல் விடவும்.'