கேடலினா.அவுட்: ஒரு பெங்களூர் நாட்குறிப்பு

3 நவம்பர் 2025, திங்கள்

ராஜ்யோத்சவத்தோடு சேர்ந்து வந்த சனி, ஞாயிறில் ஆர்டர் குவிந்திருக்கிறது. சர்வர் தன் வேலைகளை வரி வரியாக எழுதி வைக்கும் லாகும் கூடவே ஊதிவிட்டது. மாரத்தஹள்ளி பாலத்தடியில் பஸ் நகராமல் நிற்கும்போது தம்பியின் போன். தம்பி என்றால் எங்கள் ட்ரெயினி, திருப்பத்தூர்ப் பையன். டாம்கேட் எங்கள் ஜாவா ஆப்பை ஓட்டும் மென்பொருள், கேடலினா.அவுட் அதன் லாக் ஃபைல். ஆர்எம் ஃபைலை அழிக்கும் கட்டளை, டிஎஃப் டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லும், டியூ ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும்.

"அக்கா, டிஸ்க் 100 பர்சென்ட் ஆயிடுச்சு. கேடலினா.அவுட் மட்டும் 38 ஜிபி. ஆர்எம் போட்டுத் தூக்கிட்டேன். ஆனா டிஎஃப்ல இன்னும் 100தான் காட்டுது. டியூ போட்டா அந்த ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்ல!"

"டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணினியா?"

"இல்லக்கா, பேமென்ட் ஓடிட்டிருக்கு. தொட பயமா இருந்துச்சு."

அந்தப் பயம் நல்லது. லினக்ஸில் ஆர்எம் நீக்குவது டைரக்டரியில் உள்ள பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம், ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை ஐநோடும் (ஃபைலின் விவரக் குறிப்பு) பிளாக்குகளும் (டேட்டா இருக்கும் இடம்) அப்படியே கிடக்கும். ரேஷன் கார்டில் பெயரை அடித்தாகிவிட்டது, ஆள் வீட்டில்தான் இருக்கிறார். டியூ கார்டைப் பார்த்து எண்ணுகிறது, டிஎஃப் வீட்டுக்குள் வந்து எண்ணுகிறது.

பஸ்ஸில் இருந்தபடியே சொல்லச் சொல்ல அவன் அடித்தான். எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பிளஸ் எல்1 கொடுத்தால், பெயர் போன பிறகும் யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் ஃபைல்கள் மட்டும் வரும். ஜாவா ப்ராசஸ் வந்தது: டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்கு ப்ராசஸ் வைத்திருக்கும் எண்) 1, டிஸ்க்ரிப்டர் 2, இரண்டுக்கும் கடைசியில் 'டெலீட்டட்'. ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணின் எஃப்டி ஃபோல்டருக்குள் போய், 1 என்பதிலிருந்து கடைசி சில லட்சம் வரிகளை டெயில் போட்டு வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொன்னேன். பணம் சம்பந்தப்பட்ட லாக், நாளைக்கே யாராவது கேட்பார்கள். அதன் பிறகு அதே 1-ஐக் காலி செய்தான். முக்காற்புள்ளி, ஸ்பேஸ், 'விடப் பெரியது' குறி, ஃபைல் பாதை. அவ்வளவுதான்.

"அக்கா, 57!"

இதோடு முடியவில்லை. டாம்கேட் இன்னும் அந்தப் பெயரில்லாத ஃபைலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்யும்வரை கேடலினா.அவுட் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு ரீஸ்டார்ட் செய்ய அனுமதி வாங்கியாயிற்று. ஆர்எம் போடாமல் முதலிலேயே ஃபைலை அழிக்காமல் காலி மட்டும் செய்யும் ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 போட்டிருந்தால் இந்த ராத்திரி வேலை இல்லை.

4 நவம்பர், செவ்வாய்

எடுத்து வைத்த வரிகளைப் பார்த்தோம். முக்கால்வாசி டீபக், கோளாறு தேடுவதற்கான மிக விரிவான லாக் லெவல். யாரோ ஒரு கோளாறைத் தேடும்போது லெவலை இறக்கிவிட்டு, தேடி முடித்தும் ஏற்றவில்லை. டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் அனுப்பும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் கேள்வியும் முழுசாக அச்சாகியிருக்கிறது. இதைவிட மோசமாக ஒரு வரி: வாடிக்கையாளரின் மொபைல் எண், பக்கத்திலேயே ஓடிபி, அதற்கும் பக்கத்தில் 'அனுப்பப்பட்டது' என்ற செய்தி. மூன்றும் ஒரே வரியில், பளிச்சென்று.

டிஸ்க் நிறைவதை எல்லோரும் பார்க்கிறார்கள், அலாரம் அடிக்கிறது. இதற்கு அலாரம் கிடையாது. என்னைக் கேட்டால் 38 ஜிபியைவிட இந்த ஒரு வரிதான் பெரிய விஷயம். டெவலப்பர் லீடிடம் காட்டினேன். 'டெஸ்டிங்குக்குப் போட்டது' என்றார். ப்ரொடக்‌ஷனில் என்ன டெஸ்டிங் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியட்டும், ஓடிபி வரவே கூடாது என்று டிக்கெட் போட்டேன். டீபக் இன்றே இன்ஃபோ, அதாவது விவரம் குறைந்த லெவல், ஆகிவிட்டது.

6 நவம்பர், வியாழன்

எனக்கு முன்னால் இந்த சர்வரைப் பார்த்தவர் லாக்ரொடேட் (பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் ப்ரோகிராம்) கான்ஃபிக் எழுதித்தான் வைத்திருக்கிறார். தினமும், 7 நகல், கம்ப்ரெஸ், காப்பிட்ரங்கேட். பார்க்க ஒரு குறையும் இல்லை. அப்புறம் எப்படி 38 ஜிபி?

லாக்ரொடேட்டை மைனஸ் டி கொடுத்து ஒத்திகை ஓட்டச் சொன்னேன். அந்த முறையில் எந்த ஃபைலையும் தொடாது, என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். ஒரு வரியில் விஷயம் வந்துவிட்டது: மேல் டைரக்டரியின் பெர்மிஷன் பாதுகாப்பானதாக இல்லை, அதனால் இந்த ஃபைலைத் தாண்டிப் போகிறேன். லாக் ஃபோல்டரில் டாம்கேட் குரூப்புக்கு எழுதும் உரிமை இருக்கிறது. ரூட் (சர்வரின் முழு அதிகாரமும் உள்ள யூசர்) அல்லாத குரூப் எழுத முடிகிற இடத்தில் ரூட்டாக ஓடும் லாக்ரொடேட் கை வைக்காது. எந்த யூசராக ஓட வேண்டும் என்று எஸ்யூ வரி போட்டால் ஒத்துக்கொள்ளும். அந்த ஒரு வரி இல்லாததால் இத்தனை நாளும் தினமும் எழுந்து, பார்த்து, தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பிழைச் செய்தி போன மெயில் பெட்டியை யாரும் திறந்ததில்லை.

தம்பி கேட்டான்: "அக்கா, சைஸ் 500எம்னு போட்டுட்டா அந்த அளவு வந்ததும் தானா சுத்திடும்ல?"

சுற்றாது. லாக்ரொடேட் காவலுக்கு நிற்கும் ஆள் இல்லை, அழைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடினால் நடுவில் 20 ஜிபி ஏறினாலும் அதற்குத் தெரியாது. டெய்லி, மேக்ஸ்சைஸ் இரண்டையும் போட்டு, மணிக்கொரு தடவை ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் வைத்தோம்.

காப்பிட்ரங்கேட் எனக்கு அரை மனசுதான். முதலில் நகல் எடுக்கிறது, பிறகு மூலத்தைக் காலி செய்கிறது. அந்த இடைவெளியில் விழும் வரிகள் போனது போனதுதான். டிஸ்க் நிறைந்த நேரத்தில் நகலுக்கே இடம் இருக்காது. ஆனால் கேடலினா.அவுட் என்பது ஷெல் ஸ்க்ரிப்ட் திருப்பிவிடும் அவுட்புட். அதை மூடித் திற என்று டாம்கேட்டிடம் சொல்ல வழியில்லை. வேறு கதியில்லாமல் வைத்திருக்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

அல்சூர் மார்க்கெட்டில் கீரை பேரம் பேசும்போது அலர்ட். டிஸ்க் 58. அலர்ட் 55-க்கு வைத்தது நான்தான், திட்ட ஆளில்லை. 80 ஆக்கிவிட்டுக் கீரை வாங்கினேன்.

11 நவம்பர், செவ்வாய்

மேனேஜர் தமிழர், கோவைக்காரர். "7 நாள் வெச்சா போதுமுங்க, மீதியை அழிச்சிருங்க. ஸ்டோரேஜ் பில்லைப் பார்த்தீங்களா?" என்றார்.

போதாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022-ல் போட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாகுகள் எல்லாம் 180 நாள் இருக்க வேண்டும், அதுவும் இந்திய எல்லைக்குள். ஊடுருவல் போன்ற சம்பவம் கவனத்துக்கு வந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். லாக் இல்லாமல் என்னத்தைத் தெரிவிப்பது? சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சீப்பா ஒரு வழி சொல்லுங்க" என்றார். இந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

வழி இருக்கிறது. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிஜிப் போட்டால் லாக் ஏகத்துக்குச் சுருங்கும். எங்களுடைய 1 ஜிபி, 80 எம்பிக்குப் பக்கத்தில் வந்தது. சர்வரில் 7 நாள், மீதி மும்பை ரீஜன் ஸ்டோரேஜில், 180 தாண்டியதும் தானாகப் போய்விடும். தேட வேண்டுமானால் பிரிக்கக்கூட வேண்டாம், இசட்கிரெப் போதும்.

கடிகாரச் சிக்கல் ஒன்று பாக்கி. டாம்கேட் ஓடுவது யூடிசியில் (உலகப் பொது நேரம்), சர்வர் ஐஎஸ்டியில் (அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் இந்திய நேரம்). டாம்கேட் தேதி போட்டு எழுதும் ஆக்சஸ் லாக் நம் நேரப்படி காலை 5.30-க்குத்தான் புது ஃபைலுக்கு மாறும். விடிகாலை 3 மணி சம்பவத்தை இன்றைய ஃபைலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அது நேற்றைய ஃபைலில் இருக்கும். சப்போர்ட் டீம் 'லாகே வரலை' என்று போடும் டிக்கெட்டுகளில் பாதி இதுதான். எல்லாவற்றையும் ஐஎஸ்டிக்குக் கொண்டுவந்தோம். யூடிசிதான் சுத்தம் என்று வாதாடுபவர்கள் ஒரு ராத்திரி ஷிஃப்ட் பார்க்கட்டும்.

14 நவம்பர், வெள்ளி

வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் பக்கம் சுகம். லாகின் பெயரை மாற்றிவிட்டு யுஎஸ்ஆர்1 சிக்னல் கொடுத்தால் தானே புது ஃபைலைத் திறந்துகொள்ளும், ஒரு வரிகூடச் சிந்தாது. அதன் வொர்க்கர் ப்ராசஸ் சில நொடி பழைய ஃபைலில் எழுதலாம் என்பதால் டிலேகம்ப்ரெஸ் (சுருக்குவதை அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போடுவது) மட்டும் மறக்கக் கூடாது. தம்பியே எழுதினான், சரியாக இருந்தது.

அதே சர்வரில் ஒரு சின்ன நோட்.ஜேஎஸ் ஆப். அதன் லாக், ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ்ஸில் 12 ஜிபி, டியூவில் 40 எம்பி. வரிகளைத் தேடும் கிரெப் போட்டால் 'பைனரி ஃபைல்' என்கிறது. தம்பி திங்கட்கிழமை முகத்தோடு திரும்பிப் பார்த்தான். ஸ்டார்ட் ஸ்க்ரிப்டைத் திறந்து காட்டினேன்: 'விடப் பெரியது' குறி இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. இரண்டு இருந்தால்தான் ஃபைலின் அப்போதைய கடைசியில் சேர்த்து எழுதும். அதனால் காப்பிட்ரங்கேட் காலி செய்த பிறகும் ஆப் தன் பழைய இடத்திலிருந்தே எழுதுகிறது, முன்னால் உள்ளதெல்லாம் வெற்றுப் பூஜ்யம். எல்எஸ் அதையும் எண்ணுகிறது, டியூ எண்ணாது. இன்னொரு குறி சேர்த்து ரீஸ்டார்ட், தீர்ந்தது.

டெவலப்பர் டீம், ஜாவா ஆப் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்பேக்கில் டோட்டல்சைஸ்கேப் (பழைய லாகுகளின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு) 5 ஜிபி போட்டுவிட்டோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பழைய லாக் வைப்பது என்று சொல்லும் மேக்ஸ்ஹிஸ்டரி போடாமல் அந்த கேப் வேலை செய்யாது. பதில் அனுப்பினேன். அடுத்த ஸ்ப்ரின்ட்டில் பார்க்கிறார்களாம்.