இருபது விநாடி

2024 நவம்பர் 2, சனி

மகள் 1190 கிராம். நேற்றைவிடப் பத்து கூட.

இன்று மூன்று தடவை மானிட்டர் மணி அடித்தது. காலை 9:10, 11:35, மதியம் மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றாவது அடிக்கும்போது பால் எடுக்கும் அறையில் இருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். எங்கள் இன்குபேட்டர் பெட்டி இல்லை, பக்கத்துப் பெட்டிப் பையன். காலை உதைத்து, பாதத்தில் சுற்றியிருந்த சிவப்பு வெளிச்ச ஒயரைக் கழற்றிவிட்டிருக்கிறான். நம்ம பிள்ளை இல்லை என்று உள்ளே ஒரு நிம்மதி வந்ததே, அது முகத்தில் தெரிந்திருக்கும். அவன் அம்மா என்னையே பார்த்தாள்.

அப்படியென்றால் இன்று இரண்டுதான்.

நவம்பர் 3, ஞாயிறு

டாக்டர் இன்று நின்று பேசினார். மூளையில் மூச்சுக்கென்று இருக்கிற இடம் இன்னும் விளையவில்லையாம். தூக்கத்தில் மூச்சு விட மறந்துபோகிறாள். ஐந்து, பத்து விநாடி நிறுத்தி நிறுத்தி விடுவது குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். இருபது விநாடி தாண்டினாலோ, கூடவே இதயத் துடிப்பு இறங்கினாலோதான் கணக்கு. 36, 37 வாரம் ஆகும்போது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நாங்கள் 31 வாரம் 4 நாளில் நிற்கிறோம்.

மருந்து என்ன தெரியுமா, கஃபீன். காப்பியில் இருக்கிற அதேதான். தினம் காலையில் ஒரு வேளை. மாமா கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுப் பிள்ளைதாம்மா, விடிஞ்சதும் காப்பி கேக்கா" என்றார். வராந்தாவில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ மாறி, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 4, திங்கள்

இருபது விநாடி எவ்வளவு நீளம் என்று சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அதற்குள் நான் ஒரு நோட்டுக் கட்டில் பாதிக்கு மேல் எண்ணிவிடுவேன். பதினோரு வருஷம் கேஷ் கவுண்டர். எண்ணாமல் இருக்கத் தெரியாது எனக்கு. படி ஏறினால் படியை எண்ணுவேன், சிக்னலில் நின்றால் வண்டியை எண்ணுவேன். இப்போது பெட்டிக்கு முன்னால் நின்று அவள் விலாவை எண்ணுகிறேன். நிமிஷத்துக்கு நாற்பது, ஐம்பது. வயிறு ஒட்டும், உப்பும், ஒட்டும். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. விட்டாள்.

இதில் என் மூச்சை எப்போது விட்டேன் என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 5, செவ்வாய்

இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் டவுனிலிருந்து ஆட்டோ. ஜங்ஷன் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் உதடு மரத்தது. பிறகு விரல்கள். பால் டப்பா இருந்த பையைப் பிடித்த கை அப்படியே கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டது, விரிக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் காற்றே போகவில்லை. இழுக்கிறேன், இழுக்கிறேன், பத்தவில்லை. செத்துப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பால் வீணாகப்போகிறதே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே அளவு கவலையாக இருந்ததை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஆட்டோக்காரத் தம்பி வண்ணார்பேட்டையில் ஓரங்கட்டி, "யக்கா, யக்கா" என்று தண்ணீர் தெளித்தார். அவரே ஆஸ்பத்திரியில் கைபிடித்து இறக்கிவிட்டார். துட்டு வாங்கவில்லை.

ஈசிஜி சரியாக இருக்கிறது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயது இருக்கும். "உங்களுக்கு மூச்சு பத்தாம இல்லக்கா. தேவைக்கு மேல விட்டுட்டீங்க" என்றாள். வேகவேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது; அதனால்தான் உதடு மரப்பது, விரல் மடங்குவது, தலை சுற்றுவது எல்லாம். பத்தவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்தால் இன்னும் மோசமாகுமாம். எவ்வளவு கணக்கான விளக்கம்! ஆனால் பாலத்தில் வைத்து இந்த விளக்கம் எனக்கு ஞாபகம் வருமா?

அம்மாவிடம் சொன்னேன். "சரிதான். பிள்ளை மூச்சு விட மறக்கா, நீ அவளுக்கும் சேத்து விடுத."

நவம்பர் 6, புதன்

ஊரே வைத்தியர். பெரியம்மா வசம்பு என்கிறாள். ஆபீஸிலிருந்து வந்தவர்கள் மொபைலில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

மாமா திருமூலர் கணக்கு சொன்னார். இடது நாசியில் பதினாறு மாத்திரை இழுக்க வேண்டும், அறுபத்து நாலு உள்ளே நிறுத்த வேண்டும், முப்பத்திரண்டு வெளியே விட வேண்டும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து, வருஷக்கணக்காகப் பழகிச் செய்கிற காரியம் என்று அவரே சொன்னார். "நீ சும்மா நாலு, நாலு, நாலுன்னு ஆரம்பி."

நாலு இழுத்தேன். நிறுத்தினேன். நிறுத்திய அந்த இடத்தில் அவள் விலா வந்து நின்றது. ஒட்டிய வயிறு, அசையாத வயிறு. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

என் மகள் மூச்சை நிறுத்துவதால்தான் அங்கே பெட்டிக்குள் கிடக்கிறாள். நானும் நிறுத்திப் பழக வேண்டுமாம். மாமாமேல் கோபமில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். டிவியில் திருச்செந்தூர்க் கூட்டம். அத்தை ஆறு நாள் விரதம் முடித்தாள். இன்று மணி நாலு தடவை.

நவம்பர் 8, வெள்ளி

நெஞ்சில் போட்டார்கள்!

சட்டையை முன்பக்கம் திறந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, தவளைக்குஞ்சு மாதிரி கால் மடக்கி மார்பு நடுவே வைத்துத் துணியால் கட்டிவிட்டார் சிஸ்டர். கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. இல்லாமையில் பிறந்த வைத்தியம்.

சூடாக இருந்தாள். எடையே இல்லை. தலையில் தொப்பி, அதில் மருந்து வாசனை, அதற்குக் கீழே வேறொரு வாசனை. அது என்னவென்று எழுதத் தெரியவில்லை.

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்பு 152, ஆக்சிஜன் 94. 149, 95. சிஸ்டர் ஒரு பச்சைத் துணியை எடுத்து வந்து அதன்மேல் போட்டுவிட்டுப் போனார். "மணி அடிச்சா எனக்குக் கேக்கும். நீங்க பிள்ளையப் பாருங்க."

நவம்பர் 10, ஞாயிறு

விடியக்காலம் 1:50. மறுபடி உதடு மரக்க ஆரம்பித்தது. அவர் ஓசூரில். அம்மா குறட்டை.

பால் எடுக்கும் அறைக் கதவில் 14416 என்று ஒட்டியிருப்பதை எத்தனை தடவை படித்திருப்பேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். போட்டேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. ஒரு அம்மா பேசினார். மூச்சுப் பயிற்சி என்று ஆரம்பித்ததும் நான் வெட்டினேன், "மூச்சுன்னாலே பயமா இருக்கு மேடம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு:

"சரிம்மா, மூச்சப் பாக்க வேண்டாம். கால் எங்க இருக்கு?"

"தரையில."

"தரை எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு. கொஞ்சம் மண்ணு."

"இடது கால்ல மண்ணு கூடவா, வலது கால்லயா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இடதுகால் பெருவிரலுக்குக் கீழே ஒரு குறுமணல் இருந்தது. வலதில் இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது உதடு சரியாகியிருந்தது. சிலருக்கு மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுவதுண்டு, அவர்கள் உள்ளங்காலிலோ கேட்கிற சத்தத்திலோ மனசை வைக்கலாம் என்றார். எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். நான் கேஷியர் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

நவம்பர் 11, திங்கள்

1360. மணி ஒரு தடவை. அடித்ததும் சிஸ்டர் பெட்டிக்குள் கைவிட்டு, உள்ளங்காலைச் சுண்டினார். அவ்வளவுதான். விட ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கும் உள்ளங்கால்தானா.

நவம்பர் 12, செவ்வாய்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடந்தது. விரலில் மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே விட்டுப் பார்த்தேன். துடிப்பு 104, 101, 97, 95. இழுத்தால் மறுபடி ஏறுகிறது. வெளிமூச்சில் வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, வெளிமூச்சு நீளமானால் துடிப்பு அடங்குகிறது என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னது கண்ணுக்கு முன்னால் எண்ணாக வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எண்ணாக வந்தால்தான் நம்புவேன் போல.

ஆச்சி ஊதாங்குழல் வைத்து அடுப்பு ஊதுவாள். 'புஸ்'ஸென்று ஊதினால் சாம்பல்தான் கண்ணில் விழும். மெல்ல, நீளமாக, ஒரே சீராக ஊதினால் கங்கு முதலில் சிவந்து, அப்புறம் பற்றும். அவள் உதட்டை நினைத்துக்கொண்டு விடுகிறேன். இழுப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வெளியே போனது தானாக உள்ளே வருகிறது. நிறுத்துவதும் இல்லை.

நவம்பர் 13, புதன்

மணி இல்லை. இப்படி எழுதவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

அவர் வந்திருக்கிறார். நான் ராத்திரியில் எத்தனை தடவை ஆக்சிமீட்டர் மாட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் பேட்டரி இல்லை. சண்டை. பேட்டரி சட்டைப் பையிலேயே இருந்தது, தரவில்லை.

சாயங்காலம் அவருடைய நண்பர் பேசினார். சென்னை திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியானம் இருந்துவிட்டு வந்தவர். முதல் மூன்று நாளும் நாசி வாசலில் மூச்சைப் பார்ப்பது மட்டும்தானாம். நீளமோ குட்டையோ வருகிறபடி வரட்டும், எண்ணாதே, மாற்றாதே. "மாமா சொல்றது மூச்சை நாம நடத்துறது, இது மூச்சு நடக்குறதைப் பாக்குறது" என்றார். எனக்கு இரண்டுமே இப்போதைக்குப் பெரிய இடம். நான் மணல் பார்க்கிற கட்சி.

நவம்பர் 17, ஞாயிறு

உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமாம். வார்டு வாசலில் ஊதா பலூன். பக்கத்துப் பெட்டிப் பையனுக்கு ஊதாத் தொப்பி. அவன் அம்மாவும் நானும் இப்போது பேசுகிறோம். 2-ஆம் தேதியைப் பற்றிப் பேசவில்லை.

1520.

நவம்பர் 18, திங்கள்

காப்பி நிறுத்தம். மருந்து உடம்பிலிருந்து இறங்கவே சில நாள் ஆகும். மணி அடிக்காமல் தொடர்ந்து ஏழு நாள் போக வேண்டும், அப்புறம் வீடு. நடுவில் அடித்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

நவம்பர் 20, புதன்

மூன்றாவது நாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மதியம் இரண்டரை. நெஞ்சில் கிடந்தாள். எனக்கும் கண் சொருகியது. வெளியே ஐப்பசி விட்டுப்போன மழை, கார்த்திகையில் வந்து தகரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலடியில் தரை ஈரக்குளிர்ச்சி. அவள் முதுகில் என் உள்ளங்கை. முதுகு ஏறி இறங்குகிறது, என் நெஞ்சும் ஏறி இறங்குகிறது, எது எது என்று பிரிக்க முடியாத மாதிரி.

அப்புறம் பிரிந்தது. என்னுடையது மட்டும் ஏறுகிறது.

மணி பிறகுதான் அடித்தது. அதற்குள் என் கை அவள் முதுகை மேலும் கீழும் தேய்த்துவிட்டிருந்தது. வரவில்லை. உதட்டைச் சுற்றி நீலம் கட்டியது. துணிக்குள் கைவிட்டு, என் கட்டைவிரல் அளவு இருக்கிற அந்தப் பாதத்தைத் தேடி, சுண்டினேன். இன்னொரு தடவை. கேவல் மாதிரி ஒரு இழுப்பு, உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. முகம் சுளித்து அழுதாள். பூனைக்குட்டி சத்தம்.

சிஸ்டர் ஓடி வந்து கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு கேட்டார், "எத்தன விநாடிம்மா இருக்கும்?"

தெரியவில்லை. நான் எண்ணவில்லை.

மானிட்டரில் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். நான் கேட்கவும் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஒன்று. மறுபடி. நேற்றைய எழுத்தைப் படித்தால் என்னமோ தேறிவிட்டவள் மாதிரி இருக்கிறது. ராத்திரி முழுக்க நடுங்கினேன். காலும் தரையும் ஊதாங்குழலும் எதுவும் வேலை செய்யவில்லை. மூன்று மணிக்கு அம்மா எழுந்து, ஒன்றும் கேட்காமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 25, திங்கள்

நான்கு. பாலாடையில் சிந்தாமல் குடிக்கிறாள். பாலத்தில் போகும்போது இப்போதெல்லாம் ஆற்றைப் பார்க்கிறேன். அமலைச்செடி ஒதுங்கிக் கிடக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

ஏழு. 1840. வீடு.

டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டர் சொன்னது: மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். சளிக்காரர்கள் பக்கத்தில் வரக் கூடாது. புகை கூடவே கூடாது. கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும். அம்மாவைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். அம்மா தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும்.

நவம்பர் 29, வெள்ளி

விடியக்காலம் 3:15. மானிட்டர் இல்லாத முதல் ராத்திரி. பச்சைத் துணி போட்டு மூடவும் ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம், பல்லி, டவுன் பக்கம் ஏதோ லாரி. ஏழு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். பிறகு மறுபடி எண்ணினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், அத்தை மடியில். அழவே இல்லை, கண்ணை உருட்டிப் பார்த்தாள். துவட்டிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து கங்கு அள்ளுகிற சத்தம் கேட்கிறது. அம்மாதான். தட்டு, விசிறி. "கொஞ்சூண்டு காட்டிருதேன் ளா, தலையில நீரு கோத்துக்கிடும்" என்கிறாள். நான் எழுந்து வாசலில்