‘ஒன்றும் இருக்காது’ என்று நான் இப்போது சொல்வதில்லை

மார்பக கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், மார்பில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறது என்று பயந்த முகத்தோடு வருகிற எல்லோரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வேன். “கவலைப்படாதீங்கம்மா, ஒண்ணும் இருக்காது.” நல்ல மனதோடுதான் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கிற பரிசோதனை, அதன் ரிசல்ட் கேட்க ஒரு பெண் வந்திருந்தார். புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னார். அடுத்து என்னென்ன செய்யலாம் என்று நிதானமாக விளக்கினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தப் பெண் அழவில்லை. வெளியே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்” என்றார். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒரு வாரமும் என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், துணைக்கு ஒருவரையும் கூட்டி வராமல் தனியாக வந்ததும் அதனால்தான்.

அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பது பிடிபட ரொம்ப நாள் ஆனது. கொஞ்ச காலம் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். பிரிட்டனில் இப்படி மார்பக கிளினிக்குக்கு அனுப்பப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை என்கிறார்கள். பெரும்பாலும் நீர்க்கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதுவான கட்டி, மாதவிடாயை ஒட்டி வந்து போகிற வீக்கம் என்றுதான் முடியும். நல்ல செய்திதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடக்கிறவருக்கு, அந்தப் பத்தாவது ஆள் நான்தானோ என்றுதான் தோன்றும்.

அவர்களை அதிகம் ஆட்டிவைப்பது, முதலில் பார்த்த டாக்டர் கிளினிக்குக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் எழுதியிருக்கிற ‘அவசரம்’ என்கிற சொல். டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே ஏதோ கண்டுபிடித்துவிட்டார், நம்மிடம் மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்து மட்டும் இது இன்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் அனுப்புகிறார். இங்கிலாந்தில் இப்படி அவசரமாக அனுப்பப்படுகிறவர்களுக்கு ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலை 28 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் இலக்கே வைத்திருக்கிறார்கள். யாரும் பதில் தெரியாமல் தவித்துக் கிடக்கக் கூடாது என்பதற்காகவும்தான் இந்த வேகம். ‘அவசரம்’ என்பது நம்மை வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற சொல். உள்ளே இருப்பது என்ன என்று அது சொல்லவே இல்லை.

இதை நான் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டது, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடமிருந்து. பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது போன் செய்தார். என்ன உடை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார். மேலே தனியாகக் கழற்றுகிற மாதிரி இருந்தால் சுலபம் என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் போன். பவுடர் போடலாமா? வேண்டாம், சென்ட், டியோடரன்ட் எதுவும் வேண்டாம், அதிலிருக்கிற துகள் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிந்து குழப்பும் என்றேன். மதியம் மூன்றாவது முறை, எவ்வளவு நேரம் ஆகும் என்று. சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் நான்காவது முறை. இந்தத் தடவை கேள்வியே இல்லை, கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாக, “ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே, நிஜமா சிஸ்டர்?”

காலையிலிருந்து அவர் கேட்க நினைத்தது இதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பயத்துக்காகப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதே இல்லை என்றேன். எல்லோருக்கும் ஊசி போடுவதும் கிடையாது. முதலில் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். பிறகு மேமோகிராம்; இரண்டு தட்டுக்கு நடுவே சில விநாடி அழுத்தும், அது வலிக்கலாம். அப்புறம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். தேவைப்பட்டால் மட்டும் மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியால் துளி சதை எடுப்பார்கள். அப்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பலரும் தூக்கிவாரிப் போட்டுக்கொள்வார்கள். பயாப்ஸி எடுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் அது உதவும்.

“சரி” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கவலையா இருக்கு” என்றார். “இருக்கத்தாம்மா செய்யும்” என்றேன்.

என் அனுபவத்தில், அந்த இரண்டு வார்த்தை பதிலுக்கு மனப்பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிற பலம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கவலைப்படாதே என்கிறவரிடம் கவலையை மறைக்கத்தான் தோன்றும். அதன்பின் யார் போன் செய்தாலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உடனே வைப்பதில்லை, சற்றுப் பொறுத்திருக்கிறேன். கட்டியை மணிக்கொரு தரம் அமுக்கிப் பார்க்காதீர்கள், அந்த இடம் நோகும், நோவு வந்தால் பயம் இன்னும் கூடும் என்று சொல்கிறேன். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், வரும்போது அவரைக் கூட்டி வாருங்கள் என்பதை மட்டும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். டாக்டர் அறையில் ஒரு காது போதாது.

அந்த அம்மா தங்கையோடு வந்தார். ஸ்கேன் திரையில் ஓரம் தெளிந்த ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. நீர்க்கட்டி. டாக்டர் மெல்லிய ஊசியால் உறிஞ்சினார். வைக்கோல் நிறத்தில் நீர் வர வர, திரையில் அந்த வட்டம் சுருங்கி மறைந்தது. எழுந்து உட்கார்ந்தவர் விரலால் அந்த இடத்தைத் தேடினார். மேலே, கீழே, பக்கவாட்டில். மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கட்டி அங்கே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் தேடினார். அப்போதுதான் அழுதார்.

தங்கை ஆட்டோவுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா கிளம்பாமல் என்னிடம் வந்து, “காலையில என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணுக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“அதை நான் சொல்லக் கூடாதும்மா.”

“உள்ளேதான் இருக்காளா?”

நான் பேசாமல் நின்றேன்.

“தனியா வந்திருக்கா” என்றவர், தங்கை கையிலிருந்த பையை வாங்கிப் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.