அம்மாவின் முதுகு

தேயிலைக் கூடை சுமந்த முதுகுதானே, வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். பெனடோல், தைலம் என்று 2 மாசம் ஓடிற்று. ஆனால் கொழுந்தெடுத்த வலி படுத்தால் குறையும். அம்மாவுக்கு ராத்திரியில்தான் கூடியது. காய்ச்சலே இல்லை, அதுதான் ஏமாற்றியது.

கண்டியில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருக்க, எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2 முள்ளெலும்பும் நடுவிலிருந்த வட்டும் அரித்திருந்தன. புற்றுநோயோ என்று அழுதேன். "அது பெரும்பாலும் வட்டைத் தொடாதும்மா, இது கிருமி" என்றார் டொக்டர். காசநோயா, வேறொன்றா? அதை அறிய ரத்தக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது; ஊசியால் எடுத்த எலும்புத் துணுக்கு. முடிவு வரும்வரை மருந்தில்லை. எனக்குக் கோபம். முதலே அன்டிபயோட்டிக் போட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம் என்று பிறகுதான் விளங்கியது. கால் மரத்திருந்தால் காத்திருக்க மாட்டார்களாம்.

வந்த கிருமி ஸ்டெஃபிலோகொக்கஸ், காசநோய் இல்லை. 6 கிழமை மருந்து. "எத்தன பேரு போச்சு?" என்றுதான் அம்மா தினமும் கேட்டாள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.