குண்டு எவ்வளவு மிச்சம்?

செப்டம்பர் 17

ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஆபரேஷனுக்கு இன்றும் தேதி சொல்லவில்லை. அப்பா எதையாவது படி என்றார். இரண்டாம் உலகப் போர், 1944-இல் இதே நாள், ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஹாலந்தில், ரைன் நதியின் மேல் உள்ள ஆர்னெம் பாலத்தைப் பிடிக்க, ஊருக்கு மேற்கே பிரிட்டிஷ் கிளைடர்கள் இறங்கியதைப் படித்தேன். ஹோர்சா என்ற மர விமானம். எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்து வந்து அவிழ்த்துவிடும். அதற்குள்ளே ஜீப், ஆட்கள், ஒரு 75 மில்லிமீட்டர் ஹவிட்சர். கோவேறு கழுதை முதுகில் பிரித்து ஏற்றிப் போவதற்காக அமெரிக்காவில் செய்த சின்ன பீரங்கி அது.

"எத்தனை கன்?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. பிரிட்டிஷ் 1-வது ஏர்லேண்டிங் லைட் ரெஜிமென்ட், கிளைடரில் இறங்கும் பீரங்கிப் படை, மொத்தம் 24.

"குண்டு?"

கூடக் கொண்டுபோனதுதான், மீதி வானத்திலிருந்து போடுவார்கள் என்றேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 18

அப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையின் ஓ.பி.யில் இருந்தவர், எங்கே சுடவேண்டும் என்று முன்னால் இருந்து பார்த்துச் சொல்லும் இடம். அதனால் மேஜர் டென்னிஸ் மன்ஃபோர்டைப் பற்றி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஆர்னெம் பாலத்தைப் பிடித்து வைத்திருந்த பாராசூட் படை கமாண்டர் ஃப்ராஸ்டின் ஆட்களோடு இருந்த பீரங்கி அதிகாரி அவர். ரேடியோ எடுக்கவில்லை என்று ராத்திரியில் ஜீப்பில் திரும்பிப் போய், சரிசெய்துகொண்டு, மறுபடியும் பாலத்துக்கே வந்திருக்கிறார். டிவிஷன் முழுக்க ரேடியோ ஊமையாகக் கிடந்தபோது இந்த ஒரு இணைப்பு பேசியது. 18-ஆம் தேதி காலை ஜெர்மன் கவச வண்டிகள் பாலத்தில் பாய்ந்து வந்தன. அவர் சொல்லச் சொல்ல, கிலோமீட்டர்கள் தள்ளியிருந்த பீரங்கிகள் சுட்டன.

"திரும்பி வந்தான் பாரு," என்றார் அப்பா. அதையே சாயங்காலமும் சொன்னார்.

செப்டம்பர் 19

காய்ச்சல் 101. படிக்கவில்லை.

செப்டம்பர் 20

ஆர்னெமுக்கு மேற்கே ஊஸ்டர்பேக் கிராமத்தில் ஒரு பழைய தேவாலயம். அதைச் சுற்றித்தான் பீரங்கிகள். நகரத்துக்குள் போன காலாட்படை சிதறி, அதிகாரிகளை இழந்து, ஆற்றோரச் சாலையில் திரும்பி வருகிறது. ரெஜிமென்ட் கமாண்டர் கர்னல் தாம்ப்ஸன் அவர்களை நிறுத்தி, பீரங்கிகளுக்கு முன்னால் வரிசை பிடிக்க வைத்தார். பீரங்கிக்காரர் காலாட்படையைத் திரட்டியிருக்கிறார்! இதை நான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். சுடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஹவிட்சர் என்பது மலைக்குப் பின்னால் நின்று சுடும் சாமான். இங்கே டாங்கி கண்ணெதிரே வந்துவிட்டது. குழலைத் தாழ்த்தி நேராகப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். பீரங்கிக்குக் கவசத் தகடு கூடக் கிடையாது.

"குண்டு எவ்வளவு மிச்சம்?" குறைந்துகொண்டே வருகிறது அப்பா. விமானங்கள் போட்டதில் பெரும்பகுதி ஜெர்மன்காரர்கள் கையில் போய் விழுந்தது.

செப்டம்பர் 21

பாலம் ஜெர்மன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. தாம்ப்ஸனுக்கும் அன்றுதான் காயம். ஆனால் அதே நாள் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த 64-வது மீடியம் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படையோடு ரேடியோ தொடர்பு கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பல மைல் தூரத்திலிருந்து, முகம் தெரியாதவர்கள் இவர்களுக்காகச் சுடுகிறார்கள். தங்கள் ஆட்களுக்கு மிக அருகிலேயே குண்டு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்தார். தோசை ஒன்று முழுதாகச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 22

பக்கத்துக் கட்டில் பெரியவரை ராத்திரி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அவர் செருப்பு இங்கேயே கிடக்கிறது.

செப்டம்பர் 24

தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட் டெர் ஹார்ஸ்ட் என்ற அம்மா, ஐந்து குழந்தைகளோடு. லைட் ரெஜிமென்ட்டின் காயக்காரர்களுக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தார். அப்புறம் நூற்றுக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். மாடிப்படி, தாழ்வாரம், எங்கும் ஆட்கள். படுத்திருந்தவர்கள் நடுவே நடந்து, பைபிளிலிருந்து 91-ஆம் சங்கீதத்தை வாசித்தார். இறந்தவர்களை அவர் தோட்டத்திலேயே புதைத்தார்கள், 57 பேர். வெளியே பீரங்கி சத்தம் கேட்டிருக்கும். இன்னும் நம்மவர்கள் சுடுகிறார்கள் என்று படுத்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது. டாக்டர் இன்றும் வரவில்லை. யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

செப்டம்பர் 26

நேற்று ராத்திரிப் பகுதியைப் படிக்கத் தயங்கினேன். மழையில், இருட்டில், படகில் ரைன் நதியைக் கடந்து பின்வாங்கினார்கள். பத்தாயிரம் பேர் போல் போனதில் மீண்டது ஏறக்குறைய 2,400. பீரங்கிகளை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பீரங்கிப் படைக்குக் கொடியே பீரங்கிதான், எனக்கும் தெரியும். ரொம்ப நேரம் கழித்து, "ப்ரீச் பிளாக்கக் கழட்டுனாங்களா?" என்றார். குழலின் பின்வாயை மூடும் துண்டு அது, அது இல்லாமல் எதிரியால் சுட முடியாது.

கழற்றினார்கள் அப்பா. குறிபார்க்கும் சைட்டையும்.

"அப்ப சரி."

செப்டம்பர் 27

நாளைக் காலை முதல் கேஸ் அப்பாதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது. மன்ஃபோர்டை மறுபடி கேட்டார். ஜீப் வரைக்கும் படித்தேன், நர்ஸ் கையெழுத்து வாங்க வந்துவிட்டார். ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டுமாம். தம்பிக்குப் போன் செய்ய வேண்டும்.