ஓர் எழுத்து விட்டுப்போனதால்

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். துணி ரோலை எடை போடும் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தரச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம், பில் போடும் அக்காவுக்கு லினக்ஸ் பழகி இரண்டு மாதம்தான். மெஷின் சீரியல் கேபிளில் பேசுவதால், அக்காவின் அக்கவுண்டை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்க்க வேண்டும். அக்கவுண்டின் குரூப்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி (-G) மட்டும் போட்டுச் சேர்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் எடை திரையில் வந்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே போன். "ஏனுங்க தம்பி, அப்டேட் போடலாம்னா பாஸ்வேர்டை ஏத்துக்கவே மாட்டீங்குதுங்க. நான் எதையாச்சும் தப்பாத் தொட்டுப்போட்டனுங்களா?"

அக்கா எதையும் தொடவில்லை. பெரிய ஜிக்கு முன்னால் சின்ன ஏ (-aG) இருந்தால்தான் இருக்கிற குரூப்களோடு புதியது சேரும். அது இல்லாவிட்டால், கட்டளையில் சொன்ன குரூப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கூடுதல் குரூப்களிலிருந்து ஆளை எடுத்துவிடும். நிர்வாக உரிமை தரும் சூடோ குரூப்பும் அப்படித்தான் போயிருந்தது. உபுண்டுவில் எல்லா உரிமையும் உள்ள ரூட் அக்கவுண்ட் முதலிலிருந்தே பூட்டித்தான் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே அட்மின் அக்காதான். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்ன பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

நேரில் போய், கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் ரெக்கவரி மோடு எடுத்து, ரூட் உரிமையோடு கட்டளை அடிக்கும் ரூட் ஷெல்லுக்குள் நுழைந்தேன். டிஸ்க்கை எழுதும் நிலைக்கு மாற்றி, இந்தமுறை ஏ, ஜி இரண்டையும் போட்டு அக்காவை சூடோவில் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. ஆனால் கீபோர்டு முன்னால் உட்காரும் யாரும் பாஸ்வேர்டே இல்லாமல் இதைச் செய்யலாம் என்பது உறுத்தியது. கிரப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்தேன்.

அப்புறம் நிர்வாகத்துக்கென்று தனியாக இரண்டாவது அக்கவுண்ட் திறந்து, அதில் சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அக்காவின் தினசரி அக்கவுண்டிலிருந்து அந்த உரிமையை எடுத்தேன். பில் போட அது தேவையில்லை. புது பாஸ்வேர்டை எழுதிக் கவரில் ஒட்டி முதலாளியின் பீரோவில் வைத்தோம்.

இப்போதெல்லாம் யாருடைய அக்கவுண்டைத் தொட்டாலும், கிளம்பும் முன் 'குரூப்ஸ்' என்று அடித்து, வரும் வரியை அந்த அக்கவுண்டுக்காரரோடு சேர்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன்.